வெர்ப் அட்டவணைக்கு மேலே இரண்டு தமிழ்ச் சொல் எழுதுங்கள், சார்

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுக்கும் சார்களுக்கும் டீச்சர்களுக்கும், வணக்கம்.

உங்களிடம் படித்தவன்தான் நானும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காய்ச்சலில் படுத்துக் கிடக்கிறேன் என்று லீவ் லெட்டர் எழுதியபோது 'லையிங்' (படுத்திருக்கிறேன்) வரவேண்டிய இடத்தில் 'லேயிங்' (முட்டையிடுகிறேன்) என்று போட்டுவிட்டேன். "முட்டை எத்தனை?" என்று கேட்டார் மேனேஜர். ஆபீஸே சிரித்தது. லை–லே–லெயின், லே–லெய்ட்–லெய்ட் என்று இரண்டு வரிசையையும் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன், எதை எங்கே போடுவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

இத்தனைக்கும் விஷயம் பக்கத்து வகுப்பிலேயே நடந்துகொண்டிருந்தது. 'திருந்தினான்' தன்வினை, 'திருத்தினான்' பிறவினை என்று தமிழ் ஐயா நடத்தினாரே, அதேதான் இது. ரைஸ் என்றால் எழு, ரெய்ஸ் என்றால் எழுப்பு. ஃபால் விழு, ஃபெல் வீழ்த்து, அதாவது மரத்தை வெட்டிச் சாய்ப்பது. லை கிட, லே கிடத்து. சிட் (உட்கார்), செட் (வை) கூட இந்தக் குடும்பம்தான். இங்கிலீஷுக்குத் தாயான பழைய ஜெர்மானிய மொழியில் 'செய்யவை' என்ற பொருளுக்கு வினையோடு ஒரு விகுதி சேர்ந்தது. விகுதி தேய்ந்துபோய், நடுவிலுள்ள உயிரொலியின் வித்தியாசம் மட்டும் தங்கிவிட்டது. நமக்கு உண், ஊட்டு என்றால் அவர்களுக்கு ட்ரிங்க், ட்ரெஞ்ச். ஆமாம், இன்று சொட்டச் சொட்ட நனைப்பதைச் சொல்லும் அந்த ட்ரெஞ்சுக்கு ஆதியில் 'குடிக்கவை' என்றுதான் பொருள்!

சரி, குழப்பம் இறந்தகாலத்தில்தான். லையின் இறந்தகாலமும் லே, ஃபாலின் இறந்தகாலமும் ஃபெல்; பிறவினையைப் போலவே அச்சாக இருக்கும். அங்கே 'எதை?' என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முட்டையை, செங்கல்லை, கேபிளை என்று பதில் வந்தால் லே–லெய்ட். பதிலே வராவிட்டால் லை–லே. நேற்று மதியம்வரை நான் படுக்கையில் கிடந்தேன் என்பதற்கு 'லே' போதும், 'லெய்ட்' தப்பு. இங்கிலீஷ்காரர்களே பேச்சில் இதைக் கோட்டை விடுகிறார்கள், அது வேறு கதை. நம் பிள்ளைகளின் பரீட்சைத் தாளில் அந்தச் சலுகை கிடையாது.

அதனால் அடுத்த முறை அந்த அட்டவணையைப் போர்டில் எழுதும்போது, மேலே கிட, கிடத்து என்று தமிழிலும் எழுதிவிடுங்கள். இங்கிலீஷ் பீரியடில் தமிழ் கூடாது என்று இன்ஸ்பெக்ஷனில் யாராவது சொல்வார்கள், தெரியும். இன்ஸ்பெக்ஷன் முடிந்த மறுநாள் எழுதுங்கள்.

இப்படிக்கு,
முட்டையிட்ட பழைய மாணவன்