செயலாளர் ஆண்டறிக்கை: தோபா ஏரிக்குப் போய் வந்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மழையால் ஒன்றிரண்டு வாரம் நின்றது தவிர, நம் ஞாயிற்றுக்கிழமை நடை ஒழுங்காக நடந்தது. சாரலுக்குக் குற்றாலமும் பறவை பார்க்கக் கூந்தன்குளமும் போனோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது தோபாவைப் பற்றி.

சீசன் பார்த்துத் தண்ணீருக்குப் போயே பழகியவர்கள் நாம். சித்திரை பிறந்தால் நம் குளங்களுக்குள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் ஏரி ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று 14 பேர் திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூர் வழியாக இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் உள்ள மேடான் நகரில் இறங்கினோம். அங்கே 1884இல் நம் மக்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுத்தான் மலை ஏறினோம்.

சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, நிலம் உள்வாங்கிய பள்ளத்தில் நிறைந்த நீர்தான் தோபா ஏரி. அந்தச் சாம்பல் ஆந்திராவின் ஜுவாலாபுரம் வரை வந்து படிந்திருக்கிறது. நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர், மிக ஆழமான இடத்தில் சுமார் 500 மீட்டர். நம் பாபநாசம் அணை 143 அடி. அதுபோல் பதினொன்றை அடுக்கி இறக்கினாலும் அடி தட்டாது! நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயிலும் சுடாது. நீச்சல், படகு, சைக்கிள், மலைநடை எதற்கும் மாதம் பார்க்க வேண்டியதில்லை.

ஏரிக்குள் இருக்கும் சமோசிர் தீவுக்குப் படகு ஏறியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். படகுக்காரர் ஒவ்வொருவரிடமும் வந்து மிதவைச் சட்டையின் வாரை இழுத்துப் பார்த்தார். நம் அக்கா ஒருவருக்குக் கொக்கி சரியாக மாட்டவில்லை. கழற்றி வேறொன்று போட்டுவிட்ட பிறகே இன்ஜினைக் கிளப்பினார். 2018 ஜூனில் அதே ஏரியில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு ஒன்று மூழ்கி, 160 பேருக்கு மேல் காணாமல் போனார்கள். சுமார் 450 மீட்டர் ஆழத்தில் கிடந்ததால் தேடுதலையே நிறுத்திவிட்டார்கள். அதை நினைத்து நாங்கள் யாரும் அதிகம் பேசவில்லை. எனக்கு இந்தத் தை மாதம்தான் நினைவுக்கு வந்தது. நம் பக்கத்துக் குளத்தில் ஒரே பரிசலில் ஒன்பது பேர், ஒருவருக்கும் மிதவைச் சட்டை இல்லாமல் சுற்றினோம். ஏற்பாடு செய்தது நான்தான். அது என் தவறு.

ஆகவே, சங்க நிதியில் 15 மிதவைச் சட்டைகள் வாங்கவும், சட்டை போடாதவரைத் தண்ணீரில் இறக்குவதில்லை என்று விதி சேர்க்கவும் தீர்மானம் கொண்டுவருகிறேன். உறுப்பினர்கள் கை உயர்த்தி ஆதரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.