பூவரச மரத்த வெட்றதுக்கு முன்னாடி ஒரு இலைய திருப்பி பாருங்க: கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

செகரட்டரி சார், ட்ரெஷரர் மேடம், கமிட்டில இருக்கற மத்த எல்லாருக்கும் வணக்கம்.

பார்க்கிங் ஓரத்து பூவரச மரத்துக்கு வைரஸ் வந்துடுச்சு, இலையெல்லாம் சுருண்டு போச்சு, மத்த மரத்துக்கும் பரவும், அதனால மொத்தமா மருந்து அடிக்கப் போறோம், அதுக்கும் கேக்கலன்னா வெட்டிடுவோம்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கீங்க. வைரஸ்னு யாரு சொன்னது? கரப்பானுக்கு ஜெல் வைக்க வந்தவர் கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு சொன்னது. ஒரு இலைய கூட பறிச்சு பாக்கல அவர். 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல நம்ம தெருவுல அவ்ளோ மரம் சாஞ்சப்போ நின்ன மரம் சார் இது, ஒரு இலைய பறிச்சு பாக்கற மரியாதையாவது குடுக்கலாம்.

நான் பறிச்சு பாத்தேன். முதல்ல கவனிக்க வேண்டியது எந்த இலை சுருளுதுன்னு. பழைய பெரிய இலை எல்லாம் நல்லா விரிஞ்சு பச்சையா இருக்கு, நுனில இருக்கற கொழுந்து மட்டும்தான் கொத்தா சுருங்கி, தடிச்சு, விரிய முடியாம நிக்குது. தண்ணி பத்தலன்னா மரம் முழுக்க மத்தியானம் தொங்கும், சாயங்காலம் நிமிந்துடும். உப்புத் தண்ணின்னா பழைய இலையோட ஓரம்தான் முதல்ல கருகும் (பி ப்ளாக் பின்னாடி இருக்கற நெல்லி மரத்துல அதுதான் நடக்குது, வாட்டர் சாஃப்ட்னர் மெஷின கழுவி விடற உப்புத் தண்ணி மொத்தமும் அதோட வேர்லதான் போய் நிக்குது, அந்த பைப்ப திருப்பி விடுங்கன்னு நான் சொல்லி சொல்லி வாய் வலிக்குது). பேவர் ப்ளாக் நடுவுல முளைக்கற புல்லுக்கு களைக்கொல்லி அடிச்சா அந்த சாரல் பட்டும் கொழுந்து சுருளும், பருத்தி குடும்பத்து செடிகளுக்கு அதுல 2,4-டின்னு ஒண்ணு சுத்தமா ஆகாது, பூவரசும் அந்த குடும்பம்தான். ஆனா நம்ம காம்பவுண்ட்ல அதெல்லாம் யாரும் அடிக்கறதில்ல, வாட்ச்மேன் அண்ணன் கையாலதான் பிடுங்கறாரு.

சுருண்ட கொழுந்த மெதுவா பிரிச்சேன். சின்ன வயசுல பீப்பீ ஊத நாம சுருட்டினத விட இறுக்கமா சுருட்டி வெச்சிருக்கு. உள்ள பூரா வெள்ளையா மாவு, பஞ்சு மாதிரி முட்டைப் பை, நசுக்கினா விரல்ல ரோஸ் கலர்ல சாறு. செம்பருத்தில வருமே, அதே மாவுப்பூச்சிதான். அது கொழுந்துல சாறு உறிஞ்சும்போது அதோட எச்சில் உள்ள போகுது, அதனாலதான் புது இலை விரியாம முறுக்கிக்குது. வைரஸும் இல்ல ஒண்ணும் இல்ல. கார் மேல பிசுபிசுன்னு விழுதுன்னு கம்ப்ளெயின்ட் பண்றீங்களே, அதுவும் பூச்சி வெளியேத்தற இனிப்பு தண்ணிதான், இலை மேல கருப்பா படிஞ்சிருக்கறது அந்த இனிப்புல வளர்ற பூசணம். தண்டுல வரிசையா ஏறி இறங்கற எறும்பு வேற அந்த இனிப்புக்காக பூச்சிக்கு காவல் நிக்குது.

சி ப்ளாக் மாமி, அவங்க பொண்ணு பெர்லின்ல இருந்து அனுப்பினாங்கன்னு, லிண்டன்னு அந்த ஊர் மரம் ஒண்ணுக்கு செய்யற வைத்தியம் ஒண்ணு குடுத்தாங்க. நல்ல வைத்தியம்தான், அந்த ஊருக்கு. அங்க குளிர்காலத்துல மரம் மொட்டையா நிக்கறப்போ கிளைல எண்ணெய் அடிச்சு பூச்சி முட்டைய அழிப்பாங்க, நம்ம மரம் எப்பங்க மொட்டையா நின்னுச்சு? ஆனா அந்த லிண்டன் மரத்த வெச்சே இன்னொரு கதை இருக்கு, கமிட்டி கண்டிப்பா கேக்கணும். 2013 ஜூன்ல அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல வில்சன்வில்னு ஒரு ஊர், ஒரு கடையோட பார்க்கிங்ல அம்பதுக்கும் மேல லிண்டன் மரம், அசுவினி பூச்சி பிசின் கார் மேல விழுதுன்னு பூ பூத்திருக்கற நேரத்துல டைனோடெஃப்யூரான்னு ஒரு மருந்த அடிச்சாங்க. சுமார் 50,000 பம்பிள் தேனீ பார்க்கிங் தரையில செத்து கொட்டிச்சு. அப்புறம் அந்த மாநிலத்துல லிண்டனுக்கு அந்த வகை மருந்துகள அடிக்கவே கூடாதுன்னு தடை வந்துச்சு. நம்ம கரப்பான் ஜெல்காரர் கொடேஷன்ல எழுதியிருக்கற இமிடாக்ளோப்ரிட் அந்த தடை லிஸ்ட்ல இருக்கறதுதான். நம்ம பூவரசும் இப்ப மஞ்சளா பூத்துதான் நிக்குது, தேனீயும் தேன்சிட்டும் காலைல வந்து பாருங்க தெரியும்.

இன்னொண்ணு. பூச்சிக்கு நடுவுல கொஞ்சம் பெருசா, வெள்ளையா நூல் நூலா தொங்க விட்டுக்கிட்டு விறுவிறுன்னு நடக்கற ஒண்ணு இருக்கும், பாத்தா மாவுப்பூச்சியோட அப்பா மாதிரி இருக்கும், அத நசுக்கிடாதீங்க. அது பொறிவண்டோட புழு, மாவுப்பூச்சிய தின்னே வளருது, பெருசானா கருப்பு உடம்பு ஆரஞ்சு தலையா வரும், 1898லயே ஆஸ்திரேலியாலேர்ந்து கொண்டு வந்து இந்தியாவுல விட்ட ஜாதி. நம்ம மரத்துல நான் ரெண்டு மூணு பாத்தேன். 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு எல்லாத்தையும் காலி பண்ணப்போ மருந்து அடிச்சு அடங்கல, 2010ல போர்ட்டோ ரிக்கோலேர்ந்து குட்டி குளவிய வரவழைச்சு விட்ட பிறகுதான் அடங்குச்சு. மொத்தமா மருந்த அடிச்சா இந்த மாதிரி நல்லதுங்கதான் முதல்ல சாகும், மாவுப்பூச்சி மெழுகுக்குள்ள பத்திரமா உக்காந்திருக்கும்.

அதனால என்ன பண்ணலாம்னா, சுருண்ட நுனிய எல்லாம் வெட்டி உடனே பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டி வெயில்ல வெச்சுடணும், குப்பைல திறந்து போட்டா குஞ்சுங்க நடந்து அடுத்த செடிக்கு போயிடும். காம்பவுண்ட் சுவரையும் கேபிளையும் தொடற கிளைய கழிச்சுட்டு, தண்டுல அகலமா டேப் சுத்தி அந்த டேப் மேல மட்டும் கிரீஸ் தடவணும், பட்டைல நேரா தடவாதீங்க, எறும்பு ஏறறது நின்னா பாதி வேலை முடிஞ்சுது. கை எட்டற கிளைக்கு கார் கழுவற ஹோஸால இலையோட அடிப்பக்கமா தண்ணி பீச்சி அடிக்கலாம். வேப்பெண்ணெய் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி, கூட கொஞ்சம் சோப்பு கரைசல் (இல்லன்னா எண்ணெய் தனியா மிதக்கும்), வெயில் தாழ்ந்தப்புறம், நுனில மட்டும், பூ மேல வேணாம், அந்த பொறிவண்டு புழு இருக்கற கிளைய விட்டுடுங்க. பஞ்சுப் பைக்குள்ள இருக்கற முட்டைக்கு இது எட்டாது, அதனால ஒரு வாரம் பத்து நாள் விட்டு திரும்ப அடிக்கணும். வெயில் காலத்துலதான் இது இவ்ளோ ஆடும், ஐப்பசி மழை பிடிச்சுதுன்னா பாதிய அதுவே கழுவிடும். சுருண்ட இலை திரும்ப விரியாது, அத எதிர்பாக்காதீங்க, புதுசா வர்ற கொழுந்து நேரா வருதான்னு மட்டும் பாருங்க.

மரம் வெட்றவருக்கு அட்வான்ஸ் இந்த வாரம் குடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு நான் மரத்தடில இருப்பேன், மரத்துக்கு கீழ நிக்கற ரெண்டு காரையும் முந்தின நாள் ராத்திரியே தள்ளி நிறுத்தச் சொல்லுங்க. ஏணி ஜெனரேட்டர் ரூம்ல இருக்கு, சாவி ட்ரெஷரர் மேடம்கிட்ட.

இப்படிக்கு,
ஏ ப்ளாக் ரெண்டாவது மாடில குடியிருக்கறவன்