டயட் பானங்கள் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "டயட் பானம் குடித்தால் புற்றுநோய் வருமா?" என்று உங்களில் பலர் கேட்டுவருகிறீர்கள். கல்லாவில் நின்றபடி ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி என்பதால் இந்த மடலை எழுதுகிறோம்.

அச்சத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவது, டயட் பானங்களில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் அஸ்பார்டேம் என்னும் செயற்கை இனிப்பூட்டி. சர்க்கரையைவிட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பானது. 2023 ஜூலையில், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்னும் 2பி பிரிவில் அதைச் சேர்த்தது. இந்தச் செய்தி எங்கும் பரவியது. அதே வேளையில் வெளியான இன்னொரு முடிவு பலரை எட்டவே இல்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை அஸ்பார்டேம் உட்கொள்ளலாம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான வல்லுநர் குழு அறிவித்தது.

இவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கிணறு ஆபத்தானதா என்று கேட்பது ஒன்று. அதில் நாம் விழ எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று கேட்பது வேறு. முகமை முதல் கேள்வியை ஆராய்ந்தது, வல்லுநர் குழு இரண்டாவதை. அதிலும் 2பி என்பது மனிதர்களிடம் கிடைத்த சான்று போதாத நிலையில் தரப்படும் பிரிவு.

ஒரு கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை அஸ்பார்டேம் இருப்பதாகக் கொண்டால், 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட நாள்தோறும் 9 முதல் 14 கேன்களுக்கு மேல் குடிக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது ஆறுதலான கணக்குதான். ஆனால் 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பு 800 மில்லிகிராம் மட்டுமே. மூன்றாவது கேனிலேயே அதைத் தாண்டிவிடலாம். சர்க்கரையில்லாத சூயிங்கம், மிட்டாய் போன்றவற்றிலும் இதே பொருள் இருக்கக்கூடும். குழந்தைகளுக்கு இப்பானங்களை வழக்கமாக வாங்கித் தர வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். விற்பவர்களே இப்படிச் சொல்வது வியப்பாக இருக்கலாம். சொல்லாமல் இருக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமை அறவே தவிர்க்க வேண்டும். உடலில் அது பிரியும்போது வெளிப்படும் பீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை அவர்கள் உடலால் சரிவரச் சிதைக்க இயலாது.

எடை குறையும் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நீண்ட காலத்தில் உடல் கொழுப்பு குறைவதாகத் தெரியவில்லை என்பதே காரணம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். சர்க்கரை இல்லாவிட்டாலும் பானத்தின் அமிலம் பல்லின் எனாமலை அரிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வாங்கும் முன் லேபிளில் இனிப்பூட்டியின் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். 951 என்றால் அஸ்பார்டேம், 950 அசிசல்பேம் பொட்டாசியம், 955 சுக்ரலோஸ், 954 சாக்கரின். எந்தப் பானத்தில் எது இருக்கிறது என்பதை எழுதி, அலமாரியில் அந்தந்தப் பானத்துக்குக் கீழே அட்டை வைத்திருக்கிறோம். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் ஊழியர்களிடம் கேளுங்கள், படித்துக் காட்டுவார்கள்.

அன்புடன்,
கடை நிர்வாகத்தினர்