பதினொரு சுருட்டு மிச்சம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வவுனியாவில் வேலை சரிவந்தது பெரிய நிம்மதி. இங்கே ஜெனீவாவில் எல்லோரும் சுகம்.

போன கிழமை, முன்பு என்னோடு வேலை செய்த பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். கியூபாவில் செய்த டேவிடாஃப் நம்பர் 1 சுருட்டு. இருபத்தைந்தில் பதினொன்று மிச்சம். மூடி திறந்ததும் வந்த வாசத்தில் உன் ஐயாவின் சுருட்டுக் கொட்டில் அப்படியே கண்முன் நின்றது.

இதை இப்போது யாரும் செய்வதில்லை. ஸீனோ டேவிடாஃப் இன்றைய உக்ரைனில் பிறந்து, சிறுவயதிலேயே ஜெனீவா வந்து, தகப்பனின் புகையிலைக் கடையில் வளர்ந்தவர். 1960களின் கடைசியில் கியூபா அவர் பெயரிலேயே சுருட்டு செய்யத் தொடங்கியது. நம்பர் 1 ஹவானாவின் எல் லகீட்டோ ஆலையில் சுற்றியது. கியூபாவின் பெயர்போன கொஹீபா சுருட்டு பிறந்ததும் அங்கேதான். ஆரம்பத்தில் சுற்றியவர்கள் எல்லோரும் பெண்கள். நீளம் 192 மில்லிமீட்டர், தடிப்பு 15 தான். நுனியில் இலையை முறுக்கிய சின்ன வால். இவ்வளவு மெல்லியதைச் சுற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று உன் ஐயாவுக்குத்தான் தெரியும். உள்ளிலை கொஞ்சம் கூடினால் புகை இழுபடாது, குறைந்தால் சூடேறிக் கசக்கும்.

பிறகு ஸீனோவுக்கும் கியூபாவுக்கும் தரம் பற்றித் தகராறு வந்தது. 1989 ஆகஸ்டில் ஸீனோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுருட்டுகளைப் பகிரங்கமாக எரித்தார். உற்பத்தி டொமினிக்கன் குடியரசுக்குப் போனது. 1991 முடிவோடு கியூபச் சரக்கின் விற்பனையும் நின்றது.

பெயர் இன்றும் கடைகளில் இருக்கிறது, ஆனால் மண்ணும் வேறு, கையும் வேறு. அதனால்தான் பழைய பெட்டிகளுக்கு ஏலத்தில் அவ்வளவு போட்டி. 1985இலிருந்து கியூபப் பெட்டிகளின் அடியில் எழுத்துக் குறி குத்துவார்கள். அதை வைத்து எந்த ஆலை, எந்த மாதம் என்று கண்டுபிடிக்கிறார்கள். சரியான ஈரத்தில் வைத்தால் சுருட்டு பெட்டிக்குள்ளேயே முதிரும், காரம் அடங்கும். விலை ஏறட்டும் என்று பூட்டி வைக்கிறவர்களை எனக்குப் பிடிக்கவில்லை, மச்சான். இந்தப் பெரியவர் வருஷத்துக்கு ஒன்று, மனைவியின் நினைவு நாளில் பற்றவைக்கிறார். அவ்வளவுதான்.

இன்னொன்று. கியூப ஆலைகளில் 1865 முதல், சுற்றுகிறவர்களுக்கு ஒருவர் மேடையில் இருந்து பத்திரிகையும் கதையும் வாசிப்பார் என்று அவர் சொன்னபோது நான் சிலிர்த்துப் போனேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, கொட்டில் வாசலில் இருந்து பேப்பரைச் சத்தமாக வாசிப்பாயே! உன் ஐயா தலை நிமிராமல் சுற்றிக்கொண்டே, “திரும்ப வாசி” என்பார்.

அவர் இலை வெட்டிய கத்தியும் பலகையும் இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு. பெரியவருக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்