குளக்கரைத் தெருக்கள் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் குளத்தையும் அதைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களையும் மில் சந்தினையும் சீரமைக்கும் திருப்பணி நிறைவடைந்து, ஒப்பந்ததாரரின் கடைசிப் பில்லும் தீர்க்கப்பட்டுவிட்டது. தணிக்கை முடிந்த கணக்கு, ரசீதுக் கட்டுகளோடு வாசகசாலை மேசையில் வைக்கப்பட்டுள்ளது. மாலை ஐந்து முதல் எட்டு மணி வரை எவரும் வந்து பார்க்கலாம். எனினும் கணக்கை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளக் குழுவுக்கு மனம் வரவில்லை. கடந்த பொதுக்குழுவிலும் அதன் பிறகு வந்த கடிதங்களிலும் உறுப்பினர்கள் மூன்று கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். சந்தா கட்டாதவர்களையும் வாடகைக்குக் குடியிருப்பவர்களையும் கூட்டிவைத்து நான்கு மாதங்களை ஏன் செலவிட்டீர்கள்? கால்வாய் வேலையில் பணம் ஏன் கூடியது? கொடையாளர் பெயர்களைக் கல்லில் ஏன் பொறிக்கவில்லை? இந்த அறிக்கை பெரும்பாலும் இம்மூன்றுக்குமான விடையே.

முடிந்த வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். குளம் தூர்வாரப்பட்டது. வடக்குப் படித்துறையில் பெயர்ந்த கற்கள் மீண்டும் பதிக்கப்பட்டன. நான்கு தெருக்களிலும் தளக்கல் பாவப்பட்டது. தெருவிளக்குகள் நகரசபையின் திட்ட நிதியிலிருந்து கிடைத்தன. வாரிய வண்டலைத் தென்னந்தோப்புக்காரர்கள் தாங்களே வண்டி வைத்து எடுத்துக்கொண்டதால் அதற்கான செலவு மிச்சமாயிற்று. இவற்றில் யாருக்கும் குறை இல்லை என்பதால் இதற்கு மேல் நீட்டவில்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். நம் குளக்கரையில் ஒரே விதமான மக்கள் குடியிருக்கவில்லை. அக்கிரகாரத்திலும் பள்ளிவாசல் தெருவிலும் வீட்டுப் பேச்சு தமிழ். நெசவாளர் தெருவில் தேவாங்கக் குடும்பங்கள் வீட்டுக்குள் கன்னடமும் தெருவில் தமிழும் பேசுகின்றன. சந்தைத் தெரு மலையாளம். மில் சந்தின் லைன் வீடுகளில் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். நம் குழுவின் உறுப்பினர் பட்டியலிலோ சொந்த வீடு உள்ளவர்கள் மட்டுமே இருக்கிறோம். பட்டியலில் உள்ளவர்களை மட்டும் கேட்டு வரைபடம் போட்டிருந்தால் இரண்டே வாரங்களில் அது முடிந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை.

ஆனால் தெரு நகரசபைக்கு உரியது. அதன் அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் பெயர்க்க முடியாது. 1994ஆம் ஆண்டின் கேரள நகரசபைச் சட்டப்படி, நம்மூரைப் போல ஒரு லட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட நகரங்களில், வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் வார்டு சபையின் உறுப்பினர். அங்கே வீட்டுக்காரர், குடக்கூலிக்காரர் என்ற பிரிவே கிடையாது. 1996 ஆகஸ்ட் 17 அன்று மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பது என்று முடிவானதும், ஊரில் என்ன வேண்டும் என்பதை ஊரார் கூடிச் சொல்ல வேண்டும் என்ற அடிப்படையில்தான். நாம் நகரசபையிடம் தெருவிளக்கும் அனுமதியும் கேட்டுப் போகும்போது, வார்டு சபையில் கை தூக்க உரிமை உள்ள பாதிப்பேரைக் கேட்காமல் போட்ட வரைபடத்தோடு எப்படிப் போவது? லைன் வீட்டுத் தொழிலாளர்களுக்கு வாக்கு அவரவர் சொந்த ஊரில் இருப்பதால் வார்டு சபையிலும் அவர்களுக்கு இடமில்லை. அதனால்தான் அவர்களை அவர்கள் இருப்பிடத்திலேயே போய்க் கேட்க வேண்டியிருந்தது.

அறிவிப்பை நான்கு மொழிகளில் அச்சிட்டதையும் சிலர் வீண் செலவு என்றார்கள். தமிழரும் கன்னடியரும் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் அதே மொழியில் மறுமொழி பெறவும் 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இந்த மாநிலத்தில் இடமளித்திருக்கிறது. அந்த உரிமையைப் பற்றி நம் மேடைகளில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்! நமக்கு வேண்டும் என்று கேட்பதை அடுத்த வீட்டுக்காரருக்கு மறுக்க இந்தக் குழுவால் முடியவில்லை. நெசவாளர் தெருப் பெரியவர் ஒருவர் தம் வாசலில் கன்னட எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு அரைமணி முன்பாகவே வந்து உட்கார்ந்திருந்தார். அதைக் கண்ட பிறகு அந்தச் செலவைப் பற்றி எனக்கு மறுயோசனை எழவே இல்லை.

கூட்டங்கள் ஐந்து நடந்தன. மண்டபத் தரையில் சுண்ணக்கட்டியால் குளத்தையும் தெருக்களையும் பெரிதாக வரைந்து, வந்தவர்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்று பேசும்படி செய்தோம். காகித வரைபடத்தைக் காட்டியபோது வாய் திறக்காத பெண்கள், தரையில் தங்கள் வாசலைக் கண்டதும் பேசத் தொடங்கினார்கள். குடும்பஸ்ரீ என்னும் பெண்கள் சுயஉதவி அமைப்பின் அயல்கூட்டத்தினர் வீடு வீடாகச் சொல்லி அழைத்து வந்திராவிட்டால் அவர்களில் பாதிப்பேர் வந்திருக்க மாட்டார்கள்.

அங்கே தெரிந்தவை எங்கள் முதல் வரைபடத்தில் இல்லாதவை. தெரு நடுவே மரக்கன்று நடுவதாக இருந்தோம். காலையில் பாவு நூலை நீட்ட முழுத் தெருவும் நேராக வேண்டும், நடுவில் ஒரு கம்பம் நின்றாலும் தறிக்கு வேலை இல்லை என்று நெசவாளர்கள் சொன்னார்கள். அக்கிரகாரத்தார் தேர் திரும்பும் முனையில் திண்ணை கூடாது என்றார்கள். பள்ளிவாசல் தெருவினர், இறந்தவரைக் கொண்டுசெல்லும் சந்தூக்கைத் தோளில் சுமந்து வருபவர்கள் இரு வரிசையாக நடக்கும் அகலமாவது அந்த முடுக்கில் வேண்டும் என்றார்கள். தேர் திரும்பும் முனையும் அந்த முடுக்கும் ஒன்றே என்பது சுண்ணக்கோட்டின் மேல் இரு தரப்பாரும் அருகருகே நின்றபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. திண்ணை அங்கிருந்து எடுக்கப்பட்டது. மரங்கள் குளக்கரைக்குப் போயின. சந்தைத் தெருப் பெண்கள் பேருந்து நிறுத்தத்திலிருந்து வரும் வழியில் இரண்டு விளக்குகள் கூடுதலாகக் கேட்டார்கள். அவற்றை நம் செலவில் போட்டோம். நான்கு மாதங்கள் இதற்குத்தான் ஆயின. போட்ட திண்ணையை இடித்து வேறிடத்தில் கட்டும் செலவை விட இந்தக் கூட்டங்களின் தேநீர்ச் செலவு குறைவு.

இனிக் கால்வாய். இதைப் பற்றித்தான் அதிகப் பேச்சு, அதிக வருத்தம். எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நம் தாலுகா மழை மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழைக் காலமான இடவப்பாதியில் கேரளத்தின் மற்ற ஊர்களைப் போல நமக்குப் பெய்வதில்லை. ஆனால் ஐப்பசியில் கிழக்கிலிருந்து வரும் துலாமழை ஒரு மணி நேரத்தில் தெருவை நிரப்பிவிடும். தேங்கும் நீரை மில் சந்து வழியாகக் குளத்தின் வடிகாலுக்குக் கொண்டுபோகும் 140 மீட்டர் மூடுகால்வாயை, இருநூறு அடிக்கு ஓர் அடி இறக்கம் என்ற கணக்கில் வரைந்திருந்தோம். பயனாளர் குழுவாக நாமே கட்டியிருக்கலாமே என்று கேட்டவர்களுக்குச் சொல்கிறேன்: கான்கிரீட் வேலையை அன்றாடம் நின்று பார்க்க நம்மில் ஆள் இல்லை. மூன்று விலைப்புள்ளிகளை வாங்கிக் குறைந்த விலை சொன்னவரிடம் கொடுத்தோம். அவர் முன்பு செய்த இரண்டு வேலைகளை நேரில் போய்ப் பார்த்த பிறகே கொடுத்தோம்.

முதல் இரண்டு பகுதிகள் வரைபடப்படியே முடிந்தன. மூன்றாம் பகுதி லைன் வீடுகளின் முன்னால் வருவது. அங்கே மண்ணுக்கடியில் பாறைப் படலம் தட்டுப்பட்டது. அதை உடைக்காமல், எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், கால்வாயின் அடித்தளத்தை ஆறு அங்குலம் உயர்த்திக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். ஐப்பசியின் முதல் பெருமழையில் நான்கு அறைகளுக்குள் முழங்கால் அளவுக்கு நீர் புகுந்தது. தொழிலாளர்கள் அரிசி மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு மில் திண்ணையில் இரவைக் கழித்தார்கள்.

அடித்தளத்தை உடைத்துச் சரிசெய்யச் சொன்னோம். ஒப்பந்ததாரர் மறுத்தார். வரைபடத்தில் மில்லுக்குப் பின்னாலிருந்து வரும் நீருக்குக் கணக்கே இல்லை, ஆறு அங்குலம் இறக்கியிருந்தாலும் இந்த அகலத்தில் அந்த நீர் போயிருக்காது, கூடுதல் வேலைக்குக் கூடுதல் விலை வேண்டும் என்றார். அவர் பில்லில் பிடித்து வைத்திருந்த தொகையை விடுவிக்க மாட்டோம் என்றோம். மறுநாள் காலையில் கலவை இயந்திரத்தையும் சென்ட்ரிங் தகடுகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். 19 நாட்கள் அந்தப் பள்ளம் திறந்தே கிடந்தது. லைன் வீட்டார் தங்கள் கட்டில் பலகைகளைக் குறுக்கே போட்டு நடந்தார்கள். குழு தூங்கிக்கொண்டிருந்தது என்று அந்த நாட்களில் சொன்னவர்களுக்கு: ஒவ்வொரு நாளும் நானும் பொருளாளரும் அவர் வீட்டுக்கோ வேலைத்தலத்துக்கோ போய்வந்தோம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்று குழுவில் இருவர் வற்புறுத்தினார்கள். வழக்குக்குப் போனால் அடுத்த துலாமழைக்கும் பள்ளம் அப்படியே கிடக்கும் என்பதால் நான் தடுத்தேன். அந்தப் பொறுப்பு என்னுடையது.

முடிவில் நம் தெருவில் குடியிருக்கும், பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை இரு தரப்பும் நடுவராக ஏற்றோம். அவர் மேஸ்திரியைக் கொண்டு டியூப் மட்டம் பிடித்துப் பார்த்து, லாரித் தண்ணீரை மேல்முனையில் ஊற்றச் செய்து, நீர் எங்கே நிற்கிறது என்பதைச் சுவரில் கோடிட்டுக் காட்டினார். பிறகு எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மில்லுக்குப் பின்னாலிருந்து நீர் வருவதை யாருமே சொல்லவில்லையா?

சொல்லியிருந்தார்கள். இரண்டாம் கூட்டத்தின் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே அது இருக்கிறது. லைன் வீட்டாருக்கு இட்லி விற்கும் அம்மையார் எழுந்து, "தண்ணி ரோட்டுல இருந்து வர்றதில்லீங்க சார், மில்லுக்குப் பின்னால வரப்பு உடைச்சுட்டுத்தான் வருதுங்க" என்று சொன்னார். எழுதிக்கொண்டோம். ஆனால் லைன் வீடுகளில் தனியாக வைப்பதாக இருந்த கூட்டத்தை, தொழிலாளர்கள் இரவு எட்டு மணிக்கு மேல்தான் திரும்புகிறார்கள் என்ற காரணத்தால் இரண்டு முறை தள்ளிப்போட்டு, கடைசியில் மேற்பார்வையாளர் ஒருவரிடம் மட்டும் பேசிவிட்டு வரைபடத்தை முடித்தோம். அந்த வரப்பை ஒரு மழைநாளில் போய்ப் பார்த்திருந்தால் போதும். கூட்டங்களுக்கு அதிக நாள் எடுத்தோம் என்று குறைசொல்லும் உறுப்பினர்கள், கால்வாயில் பணம் கூடிய ஒரே இடம் நாங்கள் கூட்டம் வைக்காத இடம் என்பதைக் குறிப்பேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இந்தத் தவறு குழுவினுடையது; முதன்மையாக என்னுடையது.

நடுவர் தீர்ப்பை இரு தரப்பும் ஏற்றோம். உயர்த்திய தளத்தை இடிப்பதும் பாறையை உடைப்பதும் ஒப்பந்ததாரர் செலவு. மில் பக்க நீருக்காகக் கால்வாயை அகலப்படுத்துவதும் வரப்போரம் புதுக் குழாய் பதிப்பதும் நம் செலவு. அதற்கு 2,86,000 ரூபாய் ஆயிற்று. மதிப்பீடு 31,40,000 ரூபாய். முடிந்த செலவு 35,12,000 ரூபாய். கூடிய தொகையில் மீதி 86,000 ரூபாய் சிமெண்டு, எம்-சாண்ட் விலை உயர்விலும் மேலே சொன்ன இரண்டு விளக்குகளிலும் போயிற்று. ஒப்பந்ததாரர் திரும்பி வந்த பிறகு வேலையை நன்றாகவே செய்தார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அதன் பின் வந்த மழைகளில் எந்த அறைக்குள்ளும் நீர் போகவில்லை.

கொடையாளர்கள். நான்காம் கூட்டத்தில், பெயர்க்கல் வைத்தால் பணம் கொடுத்தவர் பெயர் மட்டுமே நிற்கும், உழைத்தவர் பெயர் நிற்காது என்று பள்ளிவாசல் தெரு இளைஞர்கள் சொன்னதை எல்லாத் தெருக்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே பெயரும் தொகையும் கணக்கேட்டில் உள்ளன, கல்லில் இல்லை. பெருந்தொகை தந்த ஓர் உறுப்பினர் இதனால் மனம் வருந்தினார் என்பது எனக்குத் தெரியும். அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். முடிவை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை.

ஆயினும் இந்த அறிக்கையில் நன்றி சொல்லாமல் விட முடியாது. அக்கிரகாரத்தின் கிழக்கு வரிசைக் குடும்பங்களும், கோயம்புத்தூரிலும் மும்பையிலும் இருந்துகொண்டே பங்கு அனுப்பிய அவர்கள் பிள்ளைகளும். பள்ளிவாசல் தெருவின் துணிக்கடை, இரும்புக்கடை உரிமையாளர்களும். வளைகுடாவிலிருந்து மூன்று தவணைகளாக அனுப்பிய இரு சகோதரர்களும். தறிக்கு இவ்வளவு என்று தங்களுக்குள் வரி போட்டுக்கொண்ட நெசவாளர் தெருவினரும். சந்தைத் தெருவின் பலசரக்கு, தேங்காய், வாழைக்குலை வியாபாரிகளும். கருங்கல்லைக் கொள்முதல் விலைக்கே தந்தவரும். லாரித் தண்ணீருக்குக் கூலி வாங்காத ஓட்டுநரும். மண்டபத்தை ஐந்து முறையும் வாடகையின்றித் தந்த நிர்வாகத்தினரும். மொழிபெயர்த்துக் கொடுத்த பள்ளி ஆசிரியைகளும். ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுவிட்டு வந்து மூடுபலகைகளைத் தூக்கி வைத்த லைன் வீட்டுத் தொழிலாளர்கள் பதினோரு பேரும் கணக்கேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்தப் பதினொருவரின் ஒரு நாள் கூலியையும் கொடையாகவே வரவு வைத்திருக்கிறோம்.

இனிப் பராமரிப்பு. இடவப்பாதிக்கு முன் ஒரு முறையும் துலாமழைக்கு முன் ஒரு முறையும் மூடுபலகைகளைத் தூக்கி மண் எடுக்க வேண்டும். கடப்பாரைகள் நான்கும் இட்லிக்கடை அம்மையாரின் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன, அவர் பொறுப்பேற்றுக்கொண்டார். கையிருப்புத் தொகை இதற்கென்று தனி வங்கிக் கணக்கில் போடப்பட்டுள்ளது.

இத்துடன் குழுவின் காலம் முடிகிறது. நான் மீண்டும் பொறுப்பேற்கும் நிலையில் இல்லை. உடலும் வீட்டு நிலையும் இடம் தரவில்லை. அடுத்த பொதுக்குழுவில் புதிய குழு தேர்வாகும்போது, குடக்கூலிக்காரர்களுக்கு இரண்டு இடங்களும் லைன் வீட்டாருக்கு ஓர் இடமும் ஒதுக்கும் விதித்திருத்தத்தை இக்குழு முன்மொழிகிறது. வரைவு வாசகசாலையில் கணக்கேட்டோடு இருக்கிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பொதுக்குழுவுக்கு ஏழு நாட்களுக்கு முன் எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்,
குளக்கரைத் தெருக்கள் திருப்பணிக் குழு