எனக்காக எழுதப் போகிறவரை முன்பே சந்திக்க விடுங்கள்

தேர்வுத் துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

நான் முதுகலைத் தமிழ் படிக்கும் பார்வையற்ற மாணவி. என் விண்ணப்பமும் சான்றிதழும் உங்கள் கோப்பில் இருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் தொல்காப்பியத் தாள். பத்து மணித் தேர்வு. நான் சொல்வதை எழுத வேண்டிய பெண்ணை 9.50-க்குக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முதலாண்டு மாணவி, பள்ளியிலிருந்தே ஆங்கில வழி. எதற்கென்று சொல்லாமலே வகுப்பிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள்.

தொல்காப்பியத்தின் ஓர் இயலின் பெயர், "விளிமரபு" என்றேன். "விழின்னா கண்ணுதானே அக்கா?" என்று கேட்டாள். இல்லைம்மா, பள்ளிக்கு வரும் ள என்றேன். அடுத்து வேற்றுமைக்கு எந்த ற என்ற கேள்வி. மூன்று மணி நேரத் தேர்வுக்குத் தந்த கூடுதல் ஒரு மணி நேரமும் இப்படி எழுத்துக் கூட்டுவதிலேயே போனது. கடைசியில் ஐந்து நிமிடம் இருக்கும்போது வினாத்தாளை மறுபடி வாசிக்கச் சொன்னேன். "அல்லது" என்று போட்டு இன்னொரு கேள்வி இருந்திருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. அவள் அழுதுவிட்டாள். அவள்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுவது பழகி வரும் வேலை. இளங்கலையில் எனக்கு எழுதிய தங்கையோடு மூன்று மாலை உட்கார்ந்து பழகினேன். மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் புதுப் பத்தி. பேச்சை நிறுத்தினால் யோசிக்கிறேன் என்று பொருள். கேள்வியை மதிப்பெண்ணோடும் "அல்லது"வோடும் சேர்த்து வாசிக்க வேண்டும். இதையெல்லாம் பத்து நிமிடத்தில் எப்படிப் பழகுவது?

எழுதுபவரை நீங்களே ஏற்பாடு செய்தால், தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே நாங்கள் அவரைச் சந்தித்து, ஒத்துவருமா என்று பார்க்க விட வேண்டும். மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்பதையும் அதில்தான் சொன்னார்கள். அதைக் கடிகாரம் பார்த்துச் சரியாகத் தருகிறீர்கள். இதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அவங்களைக் கையெழுத்துப் போடச் சொல்லும்மா" என்று அறைக் கண்காணிப்பாளர் அந்தப் பெண்ணிடம் சொன்னார். நான் கை எட்டும் தூரத்தில் இருந்தேன். மருத்துவமனைக்குப் போனாலும் "இவங்களுக்கு என்ன பண்ணுது?" என்று அம்மாவைத்தான் கேட்கிறார்கள். வங்கியிலும் அப்படித்தான். துணைக்கு ஒருவர் வந்துவிட்டால் எங்களுக்கு வாயும் இல்லை என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? என்னிடம் பேசுங்கள், எனக்குக் காது கேட்கும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். தமிழ் தடுமாறாமல் எழுத வரும் ஒருவரைத் தாருங்கள். இரண்டு நாள் முன்பே அவரைச் சந்திக்க விடுங்கள். துறையில் ஒரு மேசையும் ஒரு மணி நேரமும் போதும். போன தாளுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்று தெரியும். அடுத்த தாள் 19-ஆம் தேதி. தயவுசெய்து 17-ஆம் தேதியே அவரை வரச் சொல்லுங்கள். நான் காலையிலிருந்தே துறையில் இருப்பேன்.

இப்படிக்கு,
முதுகலைத் தமிழ் மாணவி