மட்டடோர சாச்சுட்டேன்டா

மாப்ளே,

நல்லாருக்கியா, தங்கச்சி, புள்ளைக எல்லாம் சௌக்கியமா? இப்ப மணி ராத்திரி ஒன்றரை, சோமனூர்ல பக்கத்துக் குடோன்ல தறி ஓடிட்டே இருக்குது, எனக்குத் தூக்கமே வரல. போன்ல சொன்னா ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு வெச்சிருவ, அதான் எழுதறேன். நாக்டர்ன் மறுபடி ஆரம்பிச்சுட்டேன்டா, பேய்களக் கூட்டுச் சேத்துட்டு சண்ட போடுவமே அந்த ஜப்பான் வீடியோ கேம், ஷின் மெகாமி டென்செய் மூணு, அதே தான். 2021ல ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையில வந்த, மெருகேத்துன ரீமாஸ்டர ஆஃபர்ல வாங்கி லேப்டாப்ல போட்டு வெச்சிருந்தேன், போன வாரந்தான் தொட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கா, உன்ற சிப் போட்ட பிஎஸ்2ல ஒட்டுக்கா உக்காந்து ஆடுனோமே, சேவ் பண்ற எடமான டெர்மினலத் தேடிப் போறதுக்குள்ள கரண்டு போயிரும், ரெண்டு மணி நேரம் வெறும் பாழு. இப்ப எங்க வேணா நிறுத்தி வெச்சுட்டுப் போலாம்னு ஆக்கிட்டாங்க. பேய் ரெண்டச் சேத்து ஃப்யூஷன் பண்றப்போ நமக்கு வேண்டிய ஸ்கில் வர்ற வரைக்கும் உள்ள போயி வெளிய வந்து உள்ள போயின்னு கட்டவெரல் தேய அமுத்துவோமே, அதுவும் இல்ல, நாமளே எடுத்துக்கலாம். சுலபம்னு நெனச்சுறாத, ஹீரோவா ஆடற நாம செத்தா கூட வர்ற பேய் மூணும் குத்துக்கல்லாட்ட உசுரோட நின்னாலும் கேம் ஓவர்தான், ஒரே அடியில கொல்ற முடோ மந்திரம் ஒண்ணு வந்து பட்டா போச்சு. மெர்சிஃபுல்னு ஒரு ஈசி மோட் இலவசமாவே குடுத்திருக்கறாங்க, நான் தொடல, வறட்டு கௌரவம்னு வெச்சுக்க.

அப்பறம் அந்த மட்டடோர். செவப்புத் துணிய வீசிட்டு வர்ற எலும்புக்கூடு, நாம பதினாறு தடவையோ பதினேழு தடவையோ அவங்கிட்ட செத்துட்டு டிஸ்க்க கெழட்டி வெச்சமே. அப்ப நான் என்ன பண்ணேன், லெவல் ஏத்துனேன், பொழுதுக்கும் அதே சுரங்கத்துல சுத்திச் சுத்தி லெவல் ஏத்துனேன். இப்பத்தான்டா புரியுது, அது லெவல் சமாச்சாரமே இல்ல. நாம நாலு பேரு இருந்தா அடிக்கறதுக்கு நாலு டர்ன், எதிரியோட வீக்னெஸ்ல அடிச்சா அர டர்ன்தான் செலவு, அடி தவறுச்சுன்னா ரெண்டு டர்ன் போயிரும். அவன் ரெட் கபோட்ங்கற வித்தையப் போட்டான்னா வெலகறதுல உச்சத்துக்குப் போயிருவான், நாம மாங்கு மாங்குன்னு வெட்ட வெட்ட அத்தனையும் தவறும், ரெண்டே வெட்டுல நம்ம டர்ன் காலி. அப்பறம் அவன் மசான்னு காத்த அடிப்பான், நம்ம கூட்டத்துல ஒருத்தனுக்குக் காத்து ஆகாதுன்னாலும் அவனுக்கு டர்ன் கூடும். இந்தத் தடவ காத்துக்கு வீக்கான ஆளுகள எல்லாம் வெளிய அனுப்பிட்டு, ஃபாக் ப்ரெத்ங்கற மூடுபனிய ஊதி ஊதி அவன மந்தமாக்கிட்டுத்தான் கை வெச்சேன், மின்னல் மந்திரம் ஜியோவா போட்டேன். மூணாவது தடவ சாஞ்சான். சத்தம் போட முடியல, அம்மா முழிச்சுக்கும், லைட் அணைச்ச ரூம்ல தலகாணியத்தான் குத்துனேன்.

ஆரம்பத்துல கூட வர்ற குட்டித் தேவத பிக்ஸிய இந்தத் தடவ விடல. யோயோகி பார்க்குல வந்ததும் கெளம்பட்டுமான்னு கேக்குமே, அப்ப நான் பாட்டுக்குப் போயிட்டு வான்னு சொல்லிட்டேன், நீ திட்டுன. கடைசி வரைக்கும் வெச்சிருந்தா அமலா லேபிரிந்த்ங்கற சிக்கலான பாதாளத்துல லெவல் எம்பதுக்குப் போயிரும்னு நீதான சொன்ன. அப்பறம் ஒண்ணு, நம்ம பேரூரு சாமி சிவனும் இதுல இருக்காரு, லெவல் தொண்ணூத்தஞ்சு, ரங்டாவையும் பரோங்கையும் சேத்தா வருவாராம், ரெண்டும் பாலித்தீவு ஆளுக. ஒரு ஜப்பான்காரன் எங்கிருந்து எங்க முடிச்சுப் போட்டிருக்கறான் பாரு.

கதைய அப்ப நாம ஸ்கிப் பண்ணிட்டே போனோம். ஹீரோ கூடப் படிச்ச இசாமு இருக்கானே, உலகமே அழிஞ்சப்பறம் எனக்கு யாரும் வேண்டாம், அவனவன் தனியா இருக்கறதுதான் சரின்னு போயிருவான். அந்தக் காட்சியில கொஞ்ச நேரம் பட்டனை அமுத்தாமயே உக்காந்திருந்தேன். தறி நாலையும் வித்தப்பறம் மூணு வருசம் நானும் யாரு போனையும் எடுக்கலல்ல, உன்றது உள்பட. நீ அத ஒரு தடவ கூடக் கேக்கல.

பீரோவுல பழைய மெமரி கார்டு கெடச்சுது, எட்டு எம்பி, மேல உன்ற கையெழுத்துல 'தொடாதே'ன்னு ஸ்டிக்கர். உன்ற பிஎஸ்2 இன்னும் ஓடுதா? மாரியம்மன் நோம்பிக்கு வர்றப்ப எடுத்துட்டு வாடா, அரிசிம்பருப்பு சாதத்துக்கு அம்மாகிட்ட சொல்லிட்டேன்.

இப்படிக்கு
உன்ற மாப்ள